சேர்ந்தொழுகல்: பணியிடப் பண்பு பற்றி வள்ளுவர் வகுத்த இருவழி நெறி

முன்னுரை

அலுவலகம், ஆலை, நீதிமன்றம், மருத்துவமனை, கல்லூரி முதலாய பணியிடங்களில் மேலோரும் கீழோரும் உடன் பணிபுரிவோரும் ஒருவரோடொருவர் பழகும் முறை பற்றிய பயிற்சி இந்நாளில் பெரிதும் பேசப்படுகின்றது. அவையில் எவ்வாறு அமர்வது, தலைமைப் பொறுப்பினரிடம் எவ்வாறு பேசுவது, மாறுபட்ட கருத்தை எங்ஙனம் தெரிவிப்பது என்பன அப்பயிற்சியின் பாடங்கள். இவை யாவும் மேனாட்டிலிருந்து நமக்கு வந்த புதிய கலை எனக் கருதுவார் பலர். தமிழ் நூல்கள் இல்லறப் பண்பையும் விருந்தோம்பலையும் விரித்தனவே அன்றிப் பணியிடப் பழக்கத்தைப் பொருளாகக் கொள்ளவில்லை என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்துவதன்று. திருக்குறளின் 70ஆம் அதிகாரமாகிய ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ முழுதும் இப்பொருளையே பேசுகின்றது.

இனி, அவ்வதிகாரத்தைப் பயின்றோருள்ளும் ஒரு சாரார்க்கு ஐயம் ஒன்று உண்டு. அது வேந்தனுக்கு அஞ்சி அவன் விரும்பியதே கூறி வாழும் அடிமை நெறியைக் கற்பிப்பதோ என்பது அவ்வையம். அறத்தை நடுவாகக் கொண்ட ஆசிரியர் இத்தகைய பாடத்தைக் கூறியிருப்பரோ? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வதிகாரத்தைத் தனித்து நோக்கின் ஐயம் எழுதல் இயல்பே. பொருட்பாலின் பிற அதிகாரங்களோடு இயைத்து நோக்குங்கால், வள்ளுவர் கூறும் பணியிடப் பண்பு இருவழிப்பட்டது என்பதும், அதன் ஒரு பாதியையே நாம் பெரிதும் போற்றி வருகின்றோம் என்பதும் புலனாகும்.

அதிகாரத்தின் இடமும் பெயரும்

பொருட்பாலின் 70 அதிகாரங்களைப் பரிமேலழகர் அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 எனப் பகுத்தார். அங்கவியலின் முதலுறுப்பு அமைச்சு. அமைச்சு என்னும் 64ஆம் அதிகாரம் முதல் அவையஞ்சாமை என்னும் 73ஆம் அதிகாரம் ஈறாகப் பத்து அதிகாரங்கள் அதன்பாற் படும். சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினை செயல்வகை, தூது, மன்னரைச் சேர்ந்தொழுகல், குறிப்பறிதல், அவை அறிதல் என்பன இடையே நிற்பன. இவ்வரிசையை ஒருங்கு நோக்குவார்க்கு, வினை செய்யும் திறமும் பிறரோடு பழகும் திறமும் ஒருவனிடத்தே ஒருங்கு அமைதல் வேண்டும் என்னும் கருத்து விளங்கும். வினையில் தூய்மை இன்றி இனிய பேச்சு மட்டும் உடையானை இவ்வரிசை ஏற்பதில்லை.

அதிகாரத்தின் பெயரும் கருதத்தக்கது. ஆசிரியர் ‘பணிதல்’ எனப் பெயரிட்டாரல்லர், ‘சேர்ந்தொழுகல்’ என்றார். சேர்தல் என்பது இருவர் உடனிருத்தல். ஒழுகல் என்பது அவ்வுடனிருப்பில் இடையறாது நிகழும் நடை. தமிழில் ‘பணி’ என்னும் சொல் தொழிலையும் குறிக்கும், ஏவலையும் குறிக்கும், தாழ்ந்து வணங்குதலையும் குறிக்கும். இம்மூன்றும் ஒரு சொல்லில் கலந்தமையால், பணியாற்றுவோன் தாழ்ந்து நிற்றலே இயல்பு என்னும் மயக்கம் நம் பேச்சிலேயே நுழைந்துள்ளது. வள்ளுவரோ பணிவினை எவரிடத்து எதிர்பார்க்கின்றார்? மானம் என்னும் அதிகாரத்தில், செல்வாக்குப் பெருகிய காலத்துப் பணிவும் அது சுருங்கிய காலத்து நிமிர்வும் வேண்டும் என்கின்றார் (963). பெருமை என்னும் அதிகாரத்தில், பணிதல் பெருமையின் இயல்பு, தன்னை வியந்து புனைதல் சிறுமையின் இயல்பு எனப் பகுக்கின்றார் (978). பணிவு எல்லார்க்கும் நன்றாயினும் செல்வர்க்கு அது மற்றொரு செல்வம் என்பதும் அவர் கருத்து (125). ஆகவே உயர்ந்த இடத்தில் இருப்போரிடமே பணிவினை அவர் மிகுதியும் வேண்டினார் என்பது பெறப்படும்.

பத்துக் குறள்கள் கூறும் நெறி

691 முதல் 700 வரையுள்ள பத்துக் குறள்களின் பொருளை ஐந்து கூறாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, இடைவெளி. தீயில் குளிர்காய்பவர் மிக நெருங்கினும் தீங்கு, மிக அகலினும் பயனின்மை. அதுபோல வேந்தரிடத்தும் அளவறிந்து நிற்றல் வேண்டும் என்பது முதற் குறளின் கருத்து. தொடக்கத்தில் கூறிய இக்கருத்தையே முடிவில் வேறு வகையாக வலியுறுத்துகின்றார். தலைவன் தம்மை நன்கு மதிக்கின்றான் என்னும் துணிவால் அவன் விரும்பாதன செய்யற்க (699). நெடுநாட் பழக்கம் உடையோம் என்று எண்ணிப் பண்பல்லாதன செய்யும் உரிமை கேடு பயக்கும் (700). அஞ்சி ஒதுங்கி நிற்பானும் சிறந்த பணியாளன் அல்லன். தோள்மேற் கையிட்டுப் பழகுவானும் அல்லன்.

இரண்டாவது, மறைபொருள். பெரியோர் அவையில் ஒருவன் செவியில் மறைவாகக் கூறுதலும், ஒருவரையொருவர் நோக்கி நகைத்தலும் தவிர்க்கப்பட வேண்டும் (694). இதன் காரணம் வெளிப்படை. அவையில் ஏனையோர் அறியாத பேச்சும் நகையும் நிகழுமாயின், அது தம்மைப் பற்றியதோ என்னும் ஐயம் அங்குள்ளார் அனைவர்க்கும் எழும். இந்நாளில் கூட்டத்தின் நடுவே கைப்பேசியில் செய்தி அனுப்பித் தமக்குள் முறுவலிப்போர் செய்வதும் இதுவே. கருவி மாறினும் குற்றம் மாறவில்லை. இதனையடுத்து, தலைவன் பேசும் மறைபொருளை ஒட்டுக்கேளாமலும் துருவி வினவாமலும் இருந்து, அவனே வெளியிட்டபோது கேட்க என்கின்றார் (695). பிறர் மேசைமேற் கிடக்கும் கோப்பினையும் பிறர் கணினித் திரையினையும் எட்டிப் பார்க்கும் வழக்கத்திற்கு இக்குறள் நேரே பொருந்தும்.

மூன்றாவது, சொல். கேட்போனது குறிப்பும் காலமும் அறிந்து, வெறுக்கத்தகாதனவற்றை அவன் ஏற்குமாறு கூறுதல் (696). பயன் தருவனவற்றைச் சொல்லிப் பயனில்லாதனவற்றை அவனே கேட்டபோதும் சொல்லாது விடுதல் (697). பின்னதன் நுட்பம் கருதற்குரியது. தலைவனே விரும்பிக் கேட்டாலும் புறங்கூற்றும் வீண்பேச்சும் கூறற்க என்பதனால், அவன் மகிழ்ச்சியே குறிக்கோள் அன்று என்பது தெளிவாம்.

நான்காவது, பொறுப்பினை மதித்தல். தலைவன் ஆண்டில் இளையவன் என்றோ தமக்கு இன்ன உறவினன் என்றோ இகழாது, அவனிடத்து நிற்கும் ஒளிக்கு ஏற்ப ஒழுகுதல் வேண்டும் (698). முப்பது ஆண்டும் நிரம்பாத மாவட்ட ஆட்சியரின் கீழ் ஐம்பது கடந்த அலுவலர் பணிபுரிதல் இந்நாளில் இயல்பு. தம்மிடம் பயின்றவரே துறைத்தலைவராக அமையக் காணும் பேராசிரியரும் உளர். இவ்விடத்து வேண்டப்படும் மதிப்பு அவ்விளைஞரின் தனித்தன்மைக்கு அன்று. அவர் ஏற்ற பொறுப்புக்கே உரியது.

ஐந்தாவது, அவாவும் ஐயமும். தலைவன் விரும்பும் பொருளைத் தானும் விரும்பாமை (692). பெரும்பிழை நேராமற் காத்தல், ஏனெனில் ஒருமுறை ஐயம் தோன்றின் அதனைத் தெளிவித்தல் எவர்க்கும் அரிது (693).

அடங்குதலும் அடிமையும்

மேற்கூறியவற்றுள் அடக்கம் உண்டு. அடிமை உண்டோ என்பதே வினா. அமைச்சு என்னும் அதிகாரத்தில் இதற்கு விடை உள்ளது. தலைவன் தானும் அறியாதவனாய், அறிந்தவர் கூற்றையும் தள்ளுபவனாய் இருப்பினும், அவனுக்கு உறுதி பயப்பதை எடுத்துரைத்தல் அருகிருப்பவனது கடன் என்று வள்ளுவர் விதிக்கின்றார் (638). ஈண்டு ‘கடன்’ என்னும் சொல் கருதத்தக்கது. விரும்பின் கூறலாம் என்று விடாமல், கூறாது விடுதல் கடமை தவறுதலாகும் என்கின்றார். எனவே, காலமும் குறிப்பும் நோக்கிக் கூறுக என்ற 696ஆம் குறள், உண்மையை மறைப்பதற்கு வழி கூறியதன்று; உண்மை செவியேறுதற்கு வழி கூறியது.

இவ்வாறு கூறும் திறத்திற்குச் சங்க இலக்கியத்தில் சிறந்த சான்று உண்டு. பாண்டியன் அறிவுடை நம்பியின் வரிமுறை குடிகளை வருத்தியபோது பிசிராந்தையார் அவனிடம் சென்று பாடிய பாட்டு, புறநானூற்றில் 184ஆவதாக உள்ளது. நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுப்பின் சிறுநிலத்து விளைவும் யானைக்குப் பன்னாளைக்கு ஆகும். யானை தானே வயலிற் புகுந்து உண்ணின் வாயிற் புகுவதினும் காலால் அழிவது மிகும். இவ்வுவமையை முன்வைத்து, அறிவற்ற முறையில் வரிகொள்ளும் அரசன் தானும் உண்ணான், நாடும் கெடும் என்று புலவர் முடிக்கின்றார். அரசனை அவர் இகழவில்லை. குற்றத்தை மறைக்கவும் இல்லை. பண்பும் வாய்மையும் ஒன்றற்கொன்று பகை அல்ல என்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

தலைவன் கடப்பாடு

இதுகாறும் கண்டது நெறியின் ஒரு பாதி. மறுபாதியை இறைமாட்சி, பெரியாரைத் துணைக்கோடல், தெரிந்து வினையாடல், வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரங்களிற் காண்கின்றோம். இவை முறையே 39, 45, 52, 57ஆம் அதிகாரங்கள்.

தலைவன் காண்பதற்கு எளியனாகவும் கடுஞ்சொல் கூறாதவனாகவும் இருத்தல் வேண்டும் (386). தன் செவிக்குக் கசப்பான சொல்லையும் பொறுக்கும் பண்பு அவனுக்கு வேண்டும் (389). காண்டற்கு அரியனாய், முகத்தில் இனிமையின்றி இருப்பவனது பெருஞ்செல்வம் பேய் கண்டு காத்த செல்வத்தை ஒக்கும் (565). கடுஞ்சொல்லும் அளவிறந்த தண்டமும் அவன் வலிமையைத் தேய்க்கும் அரமாகும் (567). தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையில்லாத தலைவன், கெடுப்பார் எவரும் இல்லாமலே கெடுவான் (448).

ஒப்புநோக்க வேண்டிய இரு குறள்கள் 700ஆம் குறளும் 519ஆம் குறளும் ஆம். முன்னது, பழைய பழக்கத்தின் உரிமையால் தகாதன செய்யற்க என்று பணியாளனை நோக்கிக் கூறியது. பின்னது தலைவனை நோக்கியது. இடைவிடாது வினையில் முயல்பவன், அவ்வினையுரிமையால் தன்னிடம் உறவு போல் ஒழுகுவானாயின், அதனைத் தவறாகக் கருதும் தலைவனை விட்டுத் திரு நீங்கும் என்கின்றது. உரிமை பாராட்டுதல் என்னும் ஒரே செயலை இருபுறமும் நின்று நோக்கி, கீழ்நிற்பானுக்கு ‘அளவு மீறாதே’ என்றும், மேல்நிற்பானுக்கு ‘அதனைக் குற்றமாக எண்ணாதே’ என்றும் வள்ளுவர் கூறினார். இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் எடுத்துக் கூறுதல் ஆசிரியர் கருத்தைச் சிதைப்பதாகும்.

தலைவனது பண்புக்கும் புறநானூறு சான்று தருகின்றது. மோசிகீரனார் வழிநடந்த களைப்பால், முரசம் நீராட எடுத்துச் செல்லப்பட்டிருந்த கட்டிலில் அறியாது ஏறித் துயின்றார். அக்கட்டிலில் ஏறுதல் கொலைக்குரிய குற்றம். அதனைக் கண்ட சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டியாது, துயிலெழுமளவும் அருகில் நின்று விசிறினான். அச்செயலைப் புலவரே பாடியுள்ளார் (புறம் 50). விதியை அறிந்தவன் அரசன்; அவ்விதியினும் விருந்தாய் வந்தவரின் களைப்பு பெரிது என்பதையும் அவன் அறிந்திருந்தான்.

இவ்விருவழி நெறியின் அருமை, ஆசாரக்கோவையோடு ஒப்பிடுங்கால் மேலும் விளங்கும். பதினெண்கீழ்க்கணக்கைச் சார்ந்த அந்நூலைப் பெருவாயின் முள்ளியார் இயற்றினார். பெரியோர் முன்னிலையில் நகைத்தல், கொட்டாவி விடுதல், தும்முதல் முதலியவை ஆகா என்பன போன்ற நுண்ணிய விதிகள் அதிற் பல. அவை நல்லனவே. எனினும் இவ்விதிகள் பெரும்பாலும் சிறியோன் பெரியோன் முன் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதையே கூறும். பெரியோன் சிறியோன் முன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு அரசியலில் அதிகாரங்கள் பல வகுத்து விடை தந்தது திருக்குறளே.

வேண்டுகோட் சொற்கள்

பணியிடத்தில் நாள்தோறும் பன்முறை நிகழ்வது ஒருவரிடம் ஒன்றனைக் கேட்டல். இதற்கெனத் தமிழ் இலக்கணம் வகுத்த முறை கருதற்குரியது. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் எடுத்தோதி, ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் கேட்பது, ‘தா’ என்பது ஒப்போன் கேட்பது, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கேட்பது என வகுத்தார். நன்னூலாரும் இதனை வழிமொழிந்தார்.

இவ்வேறுபாடு இன்று எந்நிலையில் உள்ளது? ‘ஈ’ கேட்கும் சொல்லாக வழங்குதல் அற்றது. ‘தா’, ‘கொடு’ என்னும் இரண்டும் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாடின்றி வழங்குகின்றன. ஆயினும் வேறுபாடு மறைந்துவிடவில்லை. அது பகுதியை விட்டு விகுதிக்குச் சென்று சேர்ந்தது. ‘கொடு’ என்பதற்கும் ‘கொடுங்கள்’ என்பதற்கும் இடையே அன்றைய ‘கொடு’விற்கும் ‘ஈ’க்கும் இடையே இருந்த தொலைவு அத்தனையும் இருக்கின்றது. நீ, நீர், நீங்கள் என்னும் பெயர்களின் நிலையும் இதுவே.

ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கினைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் குறித்துள்ளார். அது வழக்கினால் அமைந்த உயர்த்துச் சொல்லேயன்றி இலக்கண நெறியால் அமைந்ததன்று என்பது அவர் துணிபு. இத்துணிபிலிருந்து நாம் பெறத்தக்க உண்மை ஒன்றுண்டு. உயர்வுப் பன்மை வழக்கினால் வந்ததாயின், வழக்கினால் அதனை விரித்தலும் கூடும். ஓர் அலுவலர் தம் மேலதிகாரியிடம் ‘கோப்பினைக் கொடுங்கள்’ என்கின்றார். தம்மினும் பதினைந்து ஆண்டு மூத்த அலுவலக உதவியாளரிடம் ‘கோப்பைக் கொடு’ என்கின்றார். இவ்வொருமையை இலக்கணம் கட்டாயமாக்கவில்லை, வழக்கமே ஆக்கியது. ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என மாறியமை வரவேற்கத்தக்கது. ஆயின் பெயர் மாறிய பின்னும் அவரை ‘வா, போ’ என அழைத்தல் தொடருமாயின், தாளில் நிகழ்ந்த மாற்றம் நாவில் நிகழவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இருக்கை அளித்தல்

சொல்லுக்கு அடுத்தபடியாக மதிப்பைப் புலப்படுத்துவது இருக்கை. வந்தாரை அமரச் செய்தல் தமிழர் இல்லத்தின் முதற் பண்பு. அப்பண்பு பணியிடத்து வாயிலோடு நின்றுவிட்டதோ என்று ஐயுறும் நிலை நெடுங்காலம் இருந்தது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரிவோர், அவருள்ளும் பெண்டிர், வாடிக்கையாளர் இல்லாப் பொழுதும் அமர இயலாது நாள் முழுதும் நின்றனர். கேரளம் 2018ஆம் ஆண்டில் இதற்குச் சட்டத் திருத்தம் கண்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பெற்று, பணியாளர் அனைவர்க்கும் இருக்கை அமைத்தல் வேண்டும் என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு நாற்காலி இடும் பண்பினைச் சட்டமன்றம் இயற்ற நேர்ந்தது.

பண்பு செயற்படாதவிடத்தே சட்டம் புகும் என்பதற்கு, பணியிடத்தில் மகளிர்க்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் சான்றாகும். பழக்கத்தின் உரிமையால் பண்பல்லாதன செய்தல் கேடு என்ற 700ஆம் குறளின் கருத்து ஈண்டும் ஒருவாறு பொருந்தும். எனினும் ஒன்று கூறுதல் வேண்டும். வள்ளுவர் கண்ட பணியிடம் அரசனது அவை. ஆடவர் பழகிய இடம். அங்குத் தலைவனது சினம் தீயாக இருந்தது. அவன்மேல் முறையிட வேறு மன்றம் இல்லை. இன்றைய பணியாளர் அரசியலமைப்பின்முன் தம் தலைவரோடு ஒப்ப நிற்பவர். ஆதலின் அச்சத்தினால் எழுந்த விதிகள் நீங்கலாம். பிறர் உள்ளம் புண்படாமைப் பொருட்டு எழுந்த விதிகள் நிற்கும். 694ஆம் குறளும் 386ஆம் குறளும் இவ்வாறு நிற்பன.

முடிவுரை

இவ்வாராய்ச்சி நம்மையும் சாராது விடாது. பல்கலைக்கழகத் துறைகளும் பணியிடங்களே. ஆய்வு மாணவர் நெறியாளரைக் காண எத்துணைப் பொழுது வாயிலிற் காத்திருக்கின்றனர், ஆய்வுக்குப் புறம்பான எத்துணைப் பணிகளைச் செய்கின்றனர், வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கூறும் எச்சொல் அவர் ஊக்கத்தை அரம்போல் தேய்க்கின்றது என்பன திருக்குறள் கற்பிக்கும் நாம் முதற்கண் எண்ண வேண்டியன. நெறியாளரின் கருத்தோடு மாறுபடும் மாணவர், பிசிராந்தையார் போலச் சான்றினை முன்வைத்து அமைதியாகக் கூறுதல் வேண்டும். அதனைக் கேட்கும் நெறியாளர், செவிக்குக் கசப்பினும் பொறுத்துக் கேட்டல் வேண்டும். ஒருபுறம் மட்டும் நிகழுமாயின் ஆராய்ச்சி வளராது. மாணவர் நெறியாளர் கூறியதையே திருப்பி எழுதுவர்.

எனவே, மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்தை முதுகலை வகுப்பிற் பயிற்றுங்கால் அதனைத் தனித்துப் பயிற்றுதல் போதாது. 39, 45, 52, 57, 64ஆம் அதிகாரங்களோடு சேர்த்தே பயிற்றுதல் நலம். அங்ஙனம் பயின்ற மாணவர் நாளை அலுவலர் ஆகும்போதும், துறைத்தலைவர் ஆகும்போதும், தமக்கு மேலோரிடம் எவ்வாறு நிற்பது என்பதனோடு தமக்குக் கீழோரிடம் எவ்வாறு பேசுவது என்பதனையும் அறிந்தவராய்ச் செல்வர். உரைகளில் இவ்வதிகாரங்களின் இயைபு எவ்வளவு விரிவாகக் காட்டப்பட்டுள்ளது என்பதும், வேண்டுகோட் சொற்களின் மாற்றம் கல்வெட்டுகளிலும் இடைக்கால இலக்கியங்களிலும் எவ்வாறு நிகழ்ந்தது என்பதும் தனித்தனி ஆராய்தற்குரிய பொருள்கள். இளம் ஆய்வாளர் இவற்றை மேற்கொள்வாராக.